பென்குயினுக்கும் புதன்தான் லீவு

எனக்கு வார விடுப்பு புதன்கிழமை.
ஆறு வருடமாக அதுதான்.
ஞாயிறு கேட்டால் சூப்பர்வைசர்,
"எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரன்தான்,
அப்புறம் லிஃப்ட்டை யார் பார்க்கிறது" என்பார்.

தண்ணி மோட்டார் ரிப்பேர் என்று
தர்ஷனாவின் பள்ளிக்கூடத்தை மூடிய ஒரு புதன்கிழமை
நாலு பேருமாகக் கிளம்பினோம்.
இசக்கி சர்க்கரை தடவிய சப்பாத்தியைச் சுருட்டி
பால்பவுடர் டப்பாவில் அடுக்கியிருந்தாள்.
குமரேஷுக்கு மாற்று ஜட்டி நான்கு,
பழைய துண்டு, குடை,
எதற்கென்று தெரியாத ஒரு ஸ்பூன்.

சயானில் ஸ்லோ லோக்கல்.
பரேலில்தான் உட்கார இடம் கிடைத்தது,
மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கவேண்டிய எங்களுக்கு.
சிஞ்ச்போக்ளி என்ற பெயரைக் கேட்டு
தர்ஷனா சிரித்தாள்.
பைக்குலா தாண்டி, சாலை தாண்டி,
ராணி பாக் வாசல்வரை
சிஞ்ச்போக்ளி, சிஞ்ச்போக்ளி.

வாசல் சாத்தியிருந்தது.
தீக்குச்சியால் காது குடைந்தபடி காவலாளி
"புத்வார் பந்த்" என்றார்.
நான் வேலைக்குப் போடும் அதே நீலச் சட்டை,
தோளில் மட்டும் வேறு கம்பெனி.
அவரிடம் கோபப்பட முடியவில்லை.
இசக்கியின் பார்வைக்குத் தப்பி
அறிவிப்புப் பலகையைப் படித்தேன்.
தெளிவாகத்தான் போட்டிருந்தது.
பக்கத்து ரூம்காரர் டிக்கெட் விலை மட்டும் சொன்னார்,
நானும் அதை மட்டும்தான் கேட்டேன்.

அழப்போகிறாள் என்று இருவரும் தயாரானோம்.
அவள் கம்பியிடையே மூக்கை நுழைத்து,
"பென்குயினுக்கும் இன்னிக்குத்தான் லீவாப்பா?"
ஆமாம்மா.
"அப்போ அதுங்களும் வெளியே போயிருக்கும்."

எனக்குப் பதில் வரவில்லை.
"போயிருக்கும். வா, தேடுவோம்" என்றாள் இசக்கி.

மஜ்காவ் கோர்ட்டு வாசலில் அகப்பட்டன முதல் ஆறு.
கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை,
தேங்கிய தண்ணீரில் கால் படாமல்
ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து அசைந்து
சாலையைக் கடந்து வடாபாவ் கடைக்குப் போயின.
ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடி.
தர்ஷனா என் விரலை நசுக்கினாள், சத்தம் போடாதே என்று.
அவற்றுக்குப் பக்கத்தில் நின்று நாங்களும் சாப்பிட்டோம்.
சப்பாத்தி அப்படியே இருந்தது.

பாவுச்சா தக்காவுக்கு வந்தபோது வெயில் உச்சியில்.
மீன் படகுகளுக்கு ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது.
ஒரு ஆள் நீளத்துக்கு ஒவ்வொரு பாளம்,
பலகையில் சறுக்கிப்போய்
அரவை மிஷினில் விழுந்து நொறுங்கியது.
குமரேஷ் வீறிட்டான்.
தெறித்த ஒரு சில்லைக் கையில் வைத்ததும்
அழுகை பாதியில் நின்றது.
வாய்க்குக் கொண்டுபோன கையில் அவன் அம்மா ஒன்று வைத்தாள்.
மறுபடி வீறிட்டான்.

தர்ஷனா ஈரத் தரையைக் குனிந்து பார்த்தாள்.
கோணி போர்த்திய ஐஸ்காரரிடம்
பள்ளிக்கூடத்து இந்தியில் விசாரித்தாள்,
இந்தப் பக்கம் பென்குயின் வந்ததா என்று.
அவர் கொக்கியைக் கீழே வைத்தார்.
யோசித்தார்.
மோவாயால் கடலைக் காட்டி,
இப்போதுதான் படகேறின என்றார்,
சின்னதுக்கு வாந்தி, அதனால் கொஞ்சம் தாமதம் என்றார்.
முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.
இசக்கி டப்பாவைத் திறந்து
அவருக்கு இரண்டு சப்பாத்தி கொடுத்தாள்.

டாக்யார்ட் ரோட்டிலிருந்து திரும்பும் வண்டியில்
பிள்ளைகள் இருவரும் தூங்கினார்கள்,
ஒன்று என் தோளில் எச்சில் வழிய,
ஒன்று அவள் மடியில் நாலாவது ஜட்டியில்.
"போர்டைப் படிக்கிற மூஞ்சியைப் பாரு" என்றாள் இசக்கி,
நாளெல்லாம் அடக்கிவைத்த சிரிப்பை
வடாலாவில் அவிழ்த்துவிட்டு.
ஸ்பூன் எதற்கு என்று கேட்டேன்.
அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை எட்டே முக்கால்.
லிஃப்ட்டில் ஒருவர் ஏறினார்,
கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, முன்தள்ளிய வயிறு.
பதினேழு என்றார்.
பொத்தானை அழுத்துவதற்கு முன்
நான் அவர் பாதத்தைப் பார்த்தேன்.